‘இடம்’ என்று நான் கத்திய மூன்று கிழமை

என் குரல் பெரியது. பெருமைக்காகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. சிலருக்குக் கால் பெரிதாக இருக்கும், எனக்குக் குரல். இருபது வருடத்துக்கு மேலாகத் தீவுப்பகுதிப் பள்ளிக்கூடங்களில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். மைதானத்தின் நடுவில் நின்று ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால் வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஒருவர் என்னைக் காணும்போதெல்லாம், “ரீச்சர் கத்துற நாளில வலை போட்டு வேலையில்லை, மீனெல்லாம் அக்கரைக்குப் போயிடும்” என்று பகிடி விடுவார். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இந்தக் குரலுக்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். எங்கள் மைதானத்துக்கு ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மற்றப் பக்கம் மாடு மேயும் வெறும் தரவை, அதற்கு அப்பால் கடல். விளையாட்டுப் போட்டி நடக்கும் தை, மாசி மாதங்களில் வாடைக்காற்று நேரே வந்து அடிக்கும். மறிக்க ஒரு மரம் கிடையாது. சாதாரணமாகச் சொன்ன சொல் இரண்டாவது வரிசைக்குப் போய்ச் சேராது. ஒலிபெருக்கி போட்டி நாளில்தான் வரும். விசில் இருக்கிறது, ஆனால் விசிலுக்கு ‘நில்’, ‘நட’ என்ற இரண்டு சொல்தான் தெரியும். ஆகவே கத்தினேன். காற்றுக்காகத்தான் கத்துகிறேன் என்று நம்பிக்கொண்டும் இருந்தேன். காற்றில்லாத நாட்களிலும் கத்தினேன் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சொன்னது ஒருவர்தான். எங்கள் சங்கீத ஆசிரியை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், பட்டணத்திலிருந்து தினமும் அல்லைப்பிட்டி வழியாக பஸ்ஸில் வருகிறவர். பாண்ட் குழுவுக்கு வாசிக்கப் பழக்குவது அவர் வேலை, நடக்கப் பழக்குவது என் வேலை. ஒரு நாள் பயிற்சி முடிந்து பிள்ளைகள் போனபிறகு மெதுவாகக் கேட்டார்.

“அக்கா, பிள்ளையளுக்கு இப்பிடிக் கத்தத்தான் வேணுமோ?”

“நீர் வாடைக்காத்தை நிப்பாட்டும், நான் கத்துறதை நிப்பாட்டுறன்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “அவையள் பயத்தில நடக்கினம், தாளத்தில நடக்கேல்லை” என்றார். படித்து வந்த புதிதில் எல்லாரும் இப்படித்தான் கதைப்பார்கள், இரண்டு விளையாட்டுப் போட்டியைக் கண்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை அணிநடை பழக்கியவரும் கத்தித்தான் பழக்கினார். பயிற்சிக் கலாசாலையில் ஒரு சாண் தூரத்தில் முகத்துக்கு நேரே வந்து நின்று கத்துவார், எச்சில் தெறிக்கும். அதனால்தான் நான் நிமிர்ந்து நடக்கப் பழகினேன் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நன்றியோடுதான் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அவர் கத்திய ஒரு வசனம்கூட இப்போது ஞாபகமில்லை, எச்சில் மட்டும் ஞாபகமிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய் ‘ரீச்சர் பேசினவ’ என்று சொன்னால், ரீச்சர் ஏசினார் என்றுதான் அர்த்தம். சும்மா பேசினால் அதற்குக் ‘கதைச்சவ’ என்று வேறு சொல் இருக்கிறது. நான் பிள்ளைகளோடு கதைத்தது குறைவு, பேசியதுதான் கூட. அடிக்கக்கூடாது, மனம் நோகப் பேசக்கூடாது என்று சுற்றுநிருபம் வந்து, எல்லா ஆசிரியர்களும் வாசித்துக் கையெழுத்து வைத்தோம். நானும் வைத்தேன். கத்துவது பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் திருப்தி. இந்தத் தீவில் என் வயதுக்காரருக்குக் கட்டளைக் குரல் என்றால் வேறு நினைவுகளும் உண்டு. அதை நான் மைதானத்தில் யோசித்ததில்லை. அணிநடை என்றால் கட்டளை, கட்டளை என்றால் சத்தம், அவ்வளவுதான் என் கணக்கு.

பாண்ட் வாத்தியங்களை வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் வாங்கி அனுப்பியிருந்தார்கள். நல்ல வாத்தியங்கள். வாங்கும்போது தங்கள் உடம்பை நினைத்து வாங்கினார்களோ தெரியாது, பெரிய ட்ரம் ஒரு வளர்ந்த ஆம்பிளை சுமக்க வேண்டிய அளவு. எங்கள் பள்ளிக்கூடத்தில் மொத்தப் பிள்ளைகளே கொஞ்சம், பாண்டுக்குத் தேறியது இருபதுக்கும் குறைவு. மெலோடிக்கா ஊத ஆள் இருந்தது, சின்ன ட்ரம்முக்குப் போட்டி இருந்தது, சிம்பலுக்குச் சண்டையே நடந்தது. பெரிய ட்ரம்மைத் தூக்கத்தான் ஆளில்லை.

அதற்கு நான் கண்டுபிடித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். வகுப்பிலேயே சின்ன உருவம். கணித பாடத்தில் அடிக்கடி வெளியே நிறுத்தப்படுகிறவள். மண்டையில் ஒன்றும் ஏறாதவள் என்ற அர்த்தத்தில் ‘மொக்கு’ என்பதுதான் வகுப்பில் அவளுக்கு வழங்கிய பெயர், ஆசிரியர்களிலும் இரண்டொருவர் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு நாள் அப்படி வெளியே நின்றவள் கோடு போடும் அடிமட்டத்தால் தண்ணீர்க் குழாயில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பேசத்தான் கிட்டப் போனேன். போகும் வழியில் என் கால் அவளுடைய தட்டலுக்கு நடப்பதைக் கவனித்தேன். நின்றேன். கையைத் தட்டி வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். அவள் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் என் கையோடேயே வந்தாள். ஒரு தட்டு முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.

“உமக்குத் தாளம் பிசகாது, நீர்தான் பெரிய ட்ரம்” என்றேன்.

அவள் பின்னால் திரும்பி, வேறு யாருக்காவது சொல்கிறேனா என்று பார்த்தாள்.

அதற்கு முன், கிழமைக்கு இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு வராமல் நிற்கிற பிள்ளை அவள். ட்ரம் கிடைத்த பிறகு ஒரு நாளும் நின்றதில்லை. இதை வரவுப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னவர் சங்கீத ஆசிரியைதான். நான் கவனிக்கவில்லை. எனக்கு ட்ரம்முக்கு ஆள் கிடைத்தது போதும்.

அணிநடை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். பெரிய ட்ரம் ‘டும்’ என்றால் எல்லாருடைய இடக்காலும் நிலத்தில் விழவேண்டும். மெலோடிக்கா பிழைத்தால் கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பெரிய ட்ரம் பிழைத்தால் பாண்டே குலைந்துவிடும். பின்னால் வரும் விளையாட்டு இல்லங்களின் அணிகளும் சேர்ந்து குலையும்.

எங்கள் பாண்ட் மைதானத்தின் ஓரமாக வந்து, விருந்தினர் பந்தலுக்கு முன்னால் வலப்பக்கம் திரும்பி, நடுமைதானத்துக்குப் போகவேண்டும். முன்னால் தலைவி கோலை வலப்பக்கம் நீட்டுவாள், எல்லாரும் திரும்பவேண்டும். முதல் கிழமையே அந்தத் திருப்பத்தில்தான் வில்லங்கம் தொடங்கியது. திரும்பும்போது பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் நெருக்குப்பட்டார்கள். வரிசை கசங்கியது. நான் பந்தல் கட்டப்போகிற இடத்தில் நின்று கத்தினேன். “இடம்! இடம்! இடத்தை விடாதை!” அவரவர் தம் இடத்தில் நிற்கவேண்டும், இடைவெளி குறையக்கூடாது என்பதுதான் நான் சொன்னது.

முன்வரிசைகள் வலப்பக்கம் திரும்பின. பெரிய ட்ரம் இடப்பக்கம் போனது.

முதல் நாள் சிரித்தோம். ட்ரம்முக்குப் பின்னால் வந்த சிம்பல்காரரும் கடைசி வரிசைகளும் ட்ரம்மோடேயே போய்விட்டார்கள். பாதிப் பாண்ட் நடுமைதானத்தில், பாதி இடப்பக்கம் இருந்த பள்ளிக்கூடக் கிணற்றடியில். இரண்டு கட்சியாகப் பிரிந்து இரண்டும் மும்முரமாக வாசித்துக்கொண்டு நின்றன. சங்கீத ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டுத் திரும்ப நடக்கவிட்டேன். திரும்பவும் கிணற்றடி.

இரண்டாம் கிழமையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடக்கும் மட்டும் சரியாக நடப்பாள். தாளம் இரும்புபோல இருக்கும். திருப்பத்துக்கு வந்ததும் ஒரு கணம் தயங்குவாள். நான் “இடம்! இடத்தைப் பிடி!” என்று கத்துவேன். உடனே இடப்பக்கம் போவாள். நான் இன்னும் பலமாகக் கத்துவேன், அவள் இன்னும் விரைவாகப் போவாள். வேண்டுமென்றுதான் செய்கிறாள், மற்றப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கச் செய்கிறாள் என்று முடிவுகட்டினேன். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அப்படி நினைத்திருக்கமாட்டேன். பார்க்க அவள் முகம் தெரியாது. ட்ரம்தான் தெரியும், அதற்கு மேலே இரண்டு பின்னல் உச்சியும் ரிபனும்.

சாதாரணமாகப் பிள்ளைகளை நான் ‘நீர்’ என்றுதான் சொல்வேன். கோபம் வந்தால் ‘நீ’. பிள்ளைகளுக்கு அது தெரியும். ‘நீ’ கேட்டதும் மைதானம் அடங்கிவிடும். மூன்றாம் கிழமை, போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ‘நீ’யும் போதாமல் போனது. அன்று நாலாவது தரமும் பாண்ட் கிணற்றடிக்குப் போனது. வெயில். தொண்டை கட்டியிருந்தது. என் வாயில் வந்தது ஒரு சொல்.

“மொக்கு!”

அவ்வளவு நாளும் நான் கத்திய எதையும் ஒழுங்காகக் கொண்டுபோகாத காற்று, இதை மட்டும் மைதானம் முழுக்கக் கொண்டுபோனது. அந்த நேரம் பார்த்து மெலோடிக்காக்களும் நின்றிருந்தன. வகுப்பறைப் பக்கத்தில் யாரோ சிரித்தது கேட்டது.

அவள் நின்றாள். தோள் பட்டியைக் கழற்றினாள். ட்ரம்மை நிலத்தில் உருளாதபடி, தோல் மண்ணில் படாதபடி நிமிர்த்தி வைத்தாள். அடிக்கிற கோலை அதன்மேல் வைத்தாள். வகுப்புக்குப் போய்ப் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வாசலால் வெளியே போனாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நிற்கமாட்டாள் என்று பயந்தேன், அப்படி நடந்தால் பிள்ளைகளுக்கு முன்னால் என் மரியாதை என்னாகும் என்று யோசித்தேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த கவலை அதுதான்.

அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. பெரிய ட்ரம்மை உயரமான ஒரு பெடியனிடம் கொடுத்துப் பார்த்தோம். அவனுக்குச் சந்தோஷம் கூடக்கூட வேகமும் கூடியது. பாண்ட் முழுக்க ஓட்டமும் நடையுமாகப் போய், மெலோடிக்காக்காரருக்கு மூச்சு வாங்கியது. சங்கீத ஆசிரியை அதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

“பாண்ட் கிடக்கட்டும் அக்கா. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வந்ததே அந்த ட்ரம்முக்காகத்தான். இனி வராது. தாய் அதைத் தென்பகுதியில மாமான்ர கடைக்கு அனுப்பப் போறாவாம். கூடப் படிக்கிற பிள்ளையள் சொல்லுதுகள்.”

என்னில் கத்துகிறாரே என்று ஒரு கணம் கோபம் வந்தது. கோபம் வந்ததும், அவர் என்ன சொன்னார் என்பது எனக்குள் போகவில்லை, கத்தினார் என்பது மட்டும்தான் போனது. அதைக் கவனித்தேன். கவனித்ததும் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

பின்னேரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நாரந்தனைக்குப் போனேன். அவள் வீட்டு முற்றத்தில் தாய் அவித்த பனங்கிழங்கைக் கிழித்துப் பாயில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழும்பி உள்ளேயிருந்து கதிரை கொண்டுவந்து போட்டார்.

“வாங்கோ ரீச்சர், இருங்கோ. இவளுக்கு நல்லாப் பேசிவிடுங்கோ. பேசினாத்தான் உருப்படுவள். நானும் ஏசிப் பாத்திட்டன். இனிப் போகமாட்டனாம். போகாட்டி மாமான்ர கடையில போய் நிக்கட்டும், படிப்பும் ஏறாது, வேற என்ன செய்யிறது?”

ஒரு கிழமைக்கு முன் என்றால் இந்தப் பேச்சு எனக்கு இனித்திருக்கும். தாயே சொல்லிவிட்டார், இனி எந்தச் சுற்றுநிருபம் என்ன செய்யும்? அன்று இனிக்கவில்லை. தாய் ஏசினார், வகுப்பில் ஏசினார்கள், மைதானத்தில் நான். அந்தப் பிள்ளையோடு ஒரு நாளாவது யாராவது கதைத்தோமா என்று முதல்முறையாக யோசித்தேன்.

அவள் கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து வந்தாள். அழுத முகமில்லை. வந்து தூணோடு நின்றாள்.

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. என்னை மூன்று கிழமை அரித்த கேள்விதான் வந்தது.

“எல்லாரும் வலம் திரும்பேக்க நீர் ஏன் இடம் போறனீர்?”

“நீங்கள் சொன்னபடிதான் போனனான்.”

“நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?”

“இடம், இடம் எண்டு கத்தினனீங்கள். இடத்தை விடாதை எண்டும் சொன்னனீங்கள். அதுதான் இடம் போனனான்.”

பனங்கிழங்கு கிழித்த தாயின் கை நின்றது.

இடம் என்றால் இடப்பக்கம். இடம் என்றால் நிற்கிற இடம். இரண்டும் ஒரே சொல் என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இருபது வருடமாக இரண்டு அர்த்தத்திலும் மைதானத்தில் கத்தியிருக்கிறேன். ‘இடம், வலம், இடம்’ என்று நடை எண்ணிய அதே வாயால், அடுத்த மூச்சில் ‘இடத்தைப் பிடி’ என்றும் கத்தியிருக்கிறேன். எது எது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

“முன்னால கோலைப் பாக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“ட்ரம்முக்கு மேலால வானம்தான் ரீச்சர் தெரியும்.”

“அப்ப ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?”

“கேட்டனான்.” அவள் காலால் மண்ணைக் கீறினாள். “முதல் கிழமை. ‘எந்தப் பக்கம் ரீச்சர்’ எண்டு கேட்டனான். ‘வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்’ எண்டனீங்கள். பிறகு சொன்னதைச் செய்தனான்.”

அது எனக்கு ஞாபகமில்லை. சொல்லியிருப்பேன். ஒரு பயிற்சியில் எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லியிருப்பேன்.

நான் கதிரையில் இருந்தபடி அந்தத் திருப்பத்தைத் திரும்பவும் மனதில் நடத்திப் பார்த்தேன். சரியாக வலம் போன பிள்ளைகள் கோலைப் பார்த்துப் போனவர்கள். ரீச்சர் எப்போதும் கத்துவா என்று என்னை விட்டுவிட்டவர்கள். கிணற்றடிக்குப் போன பின்வரிசைகள் ட்ரம்மைக் கேட்டுப் போனவர்கள். அந்த மைதானத்தில் என் சொல்லைக் கேட்டு, அதன்படி நடந்தது ஒரே ஒரு பிள்ளை. அவளைத்தான் மொக்கு என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சும்மா அல்ல, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு எழும்பிப் போகலாமோ என்ற வெட்கம்.

“பிழை உம்மில இல்லை. என்னில” என்றேன். “அந்தச் சொல்லையும் நான் சொல்லியிருக்கக்கூடாது. நீர் மொக்கு இல்லை.”

மன்னிப்புக் கேட்கவும் எனக்கு மெதுவாகக் கேட்கத் தெரியவில்லை. பக்கத்து வளவில் நாய் குரைத்தது. வேலிக்கு மேலால் ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

“ஐயோ ரீச்சர், சின்னப் பிள்ளையிட்டை அப்பிடிச் சொல்லாதேங்கோ” என்று தாய் கையைப் பிசைந்தார்.

“சொல்லத்தான் வேணும்” என்றேன். “நாளைக்கு வாரும். ட்ரம்முக்கு வேற ஆளில்லை எண்டதுக்காகச் சொல்லேல்லை.” இது முழு உண்மையில்லை. ட்ரம்முக்கு வேறு ஆளில்லைத்தான். ஆனால் அந்த நேரத்தில் போட்டியைவிட, ஒரு பிள்ளை என் ஒரு சொல்லோடு படிப்பை விட்டுக் கடைக்குப் போய் நிற்கப் போகிறதே என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அவள் நிமிர்ந்து என்னை நேரே பார்த்தாள். பெரிய ட்ரம் இல்லாமல் அவள் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

“வாறன் ரீச்சர். ஆனா நீங்கள் மைதானத்தில நிக்கக்கூடாது.”

தாய் அடிக்கக் கையை ஓங்கினார். நான் அந்தக் கையைப் பிடித்தேன். “ஓம்” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, போட்டி நாளில் அவள் மனம் மாறிக் கூப்பிடுவாள் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது.

அவள் கூப்பிடவில்லை. மிச்சமிருந்த மூன்று நாளும் சங்கீத ஆசிரியைதான் பாண்டை நடத்தினார். நான் விளையாட்டுச் சாமான் அறையில் அஞ்சல் ஓட்டத் தடிகளை எண்ணிக்கொண்டும் கொடிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டும் இருந்தேன். திருப்பத்துக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்ததாகப் போட்டிக்கு முந்தின நாள் சொன்னார். கட்டளையே இல்லை. ட்ரம்முக்கு மேலாலும் தெரிகிற உயரத்தில் பறக்கும் பந்தலின் முதல் கொடியிலிருந்து பதினாறு காலடி, பிறகு வலம். அவ்வளவுதான். தாளம் பிசகாத பிள்ளைக்குப் பதினாறு எண்ணுவது பெரிய வேலையா? இருபது வருடத்தில் எனக்கு இந்த யோசனை வரவில்லை. கத்தத் தெரிந்தவருக்கு எண்ணவேண்டி வருவதில்லை.

அந்த மூன்று நாளுக்குள் ஒரு தரம் கத்தினேன், அதையும் சொல்லவேண்டும். ஈட்டி எறியும் பக்கம் ஒரு சின்னப் பிள்ளை பந்தை எடுக்க ஓடியது. எறிகிறவன் கையை ஓங்கிவிட்டான். அறை வாசலில் நின்று நான் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் கல்லாய் நின்றார்கள். அதற்கு எனக்கு வருத்தமில்லை, நாளைக்கும் கத்துவேன். ஆகவே கத்தலாமா கூடாதா என்று சங்கீத ஆசிரியை இப்போது கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியாது. ஈட்டிக்கு முன்னால் ஓடுகிற பிள்ளைக்குச் சத்தம் வேண்டும். ட்ரம்மைச் சுமக்கிற பிள்ளைக்கு விளக்கம் வேண்டும். நான் இரண்டு பேருக்கும் ஒன்றையே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பாண்டுக்கு நான் நிற்கவில்லை, சங்கீத ஆசிரியை பார்த்துக்கொள்வார் என்று பள்ளிக்கூட அதிபரிடம் சொன்னேன். “ஏன் ரீச்சர், தொண்டை சரியில்லையோ?” என்று கேட்டார். “ஓம்” என்றேன். அந்தப் பொய்யால் போட்டியன்று காலையிலிருந்து ஆள் மாறி ஆள் இஞ்சித் தேநீர் கொண்டுவந்து தந்தார்கள். ஐந்தாவது கோப்பையோடு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த அறையில் யன்னல் இல்லை, மேலே காற்றுக்கு ஓட்டை விட்ட பூக்கல் மட்டும்தான். மைதானம் தெரியாது, கேட்கும்.

மெலோடிக்கா தொடங்கியது. பெரிய ட்ரம் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவர்கள் ஓரத்தால் வருவதும், கிட்ட வருவதும், பந்தலடிக்கு வருவதும் சத்தத்திலேயே தெரிந்தது. நானும் எண்ணினேன். பதின்மூன்று, பதினான்கு. பதினைந்தில் என் வாய் தானாகத் திறந்துவிட்டது. நெஞ்சில் காற்று நிறைந்து, சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. தேநீர்க் கோப்பையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். பதினாறு. அடுத்த அடி வலப்பக்கத்திலிருந்து கேட்டது, அதற்கடுத்ததும் அங்கிருந்துதான். பின்வரிசைகளும் ட்ரம்மோடு சேர்ந்து நடுமைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. பந்தலில் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் முதலில் வரவில்லை. பொறாமைதான் வந்தது. நான் இல்லாமல் நடந்துவிட்டதே என்ற பொறாமை. சந்தோஷம் கொஞ்சம் பிந்தி வந்தது.

எல்லாம் முடிந்து வாத்தியங்களை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் கடைசியாக வந்தாள். முகம் வெயிலில் கறுத்து, ரிபன் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. ட்ரம்மை மேசையில் வைத்து அதன் தோலைத் துணியால் துடைத்தாள். மற்றப் பக்கத்தையும் துடைத்தாள்.

“நல்லா அடிச்சனீர்” என்றேன். இதை மெதுவாகத்தான் சொன்னேன். “எனக்கு இஞ்ச நல்லாக் கேட்டது.”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். குற்றம் சொல்லுகிற முகமில்லை அது. ஒரு புதினச் செய்தியை முதலில் எனக்குச் சொல்லவேண்டும் என்று அவசரப்படுகிற பிள்ளையின் முகம்.

“எனக்கும் ரீச்சர்” என்றாள். “என்ர ட்ரம் எனக்கு இண்டைக்குத்தான் கேட்டது.”